முதன்முறை பாயின்ட் அண்ட் கிளிக் கேம் ஆடுபவர்களுக்கு: முட்டுச்சந்தில் மாட்டாமல் முடிப்பது எப்படி

நான் ஆடிய முதல் பாயின்ட் அண்ட் கிளிக் கேமை இன்றுவரை முடிக்கவில்லை. ஆறு நாள் ஆடினேன். ஏழாவது நாள்தான் விஷயம் தெரிந்தது: இரண்டாம் நாளே என் கதை முடிந்துவிட்டது. தொடக்கத்தில் எடுத்திருக்க வேண்டிய ஒரு கயிற்றை எடுக்காமல் படகேறிவிட்டேன். திரும்பிப் போக வழி கிடையாது. என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு சேவ், அதுவும் படகேறிய பிறகு போட்டது.

அடுத்த கேமில் உஷாராகிவிட்டதாக நினைப்பு. முதல் காட்சியிலிருந்தே பக்கத்தில் வாக்த்ரூவை, அதாவது எல்லாப் புதிருக்கும் விடை சொல்லும் வழிகாட்டியை, திறந்து வைத்துக்கொண்டு ஆடினேன். ஒன்றரை நாளில் முடிந்தது. அதில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவது கேமில்தான் இது எப்படிப்பட்ட ஆட்டம் என்பதே பிடிபட்டது. நீங்கள் நேராக அந்த மூன்றாவது கேமிலிருந்து தொடங்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இந்த வகையே தெரியாதவர்களுக்கு: திரையில் ஒரு காட்சி இருக்கும். மவுஸால் கிளிக் செய்து நடக்கலாம், பார்க்கலாம், பொருள்களை எடுத்துப் பையில் போடலாம், ஆட்களிடம் பேசலாம். எதை எங்கே பயன்படுத்தினால் கதை நகரும் என்பதுதான் புதிர். கை வேகம் கிட்டத்தட்ட எங்கும் தேவைப்படாது.

1. கேமைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி: இது என்னைக் கொல்லுமா?

பழைய கேம்களில் இரண்டு குணம் உண்டு. லூக்காஸ்ஆர்ட்ஸ் 1990 முதல் வெளியிட்ட கேம்களில் பெரும்பாலானவை உங்களைச் சாகடிப்பதில்லை. ஒரு பொருளை விட்டுவிட்டதால் வழி நிரந்தரமாக அடைபடுவதும் இல்லை. தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் (1990), லூம் (1990), டே ஆஃப் த டென்டக்கிள் (1993) எல்லாம் இந்த ரகம். மங்கி ஐலண்டில் சாவதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். 10 நிமிடம் மூச்சடக்குவேன் என்று பெருமையடிக்கும் நாயகனைத் தண்ணீருக்கடியில் நிஜமாகவே 10 நிமிடம் விட்டுவைக்க வேண்டும்.

சியரா வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட், ஸ்பேஸ் குவெஸ்ட் வரிசைகள் வேறு குணம். படியில் தவறாகக் கால் வைத்தாலும் சாவு. அதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் இப்போது ரசிக்கிறேன். ஆனால் முதல் கேமாக வேண்டாம்.

என் சிபாரிசு மங்கி ஐலண்ட். அதுவே நீளமாகத் தெரிந்தால் லூம். அதில் பையே கிடையாது. ஒரு கோலில் நான்கு சுரங்களை வாசித்துத்தான் எல்லாக் காரியமும் நடக்கும். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். மிஸ்ட் (1993) பெயர்பெற்ற கேம்தான், ஆனால் பேச ஆளில்லாத தீவில் இயந்திரங்களை வைத்து மண்டையைக் குடைய வேண்டியிருக்கும். தனிமை பிடித்தவர்களுக்கு நல்லது.

2. செலவு: முதலில் காசு போடாமல் பாருங்கள்

இந்த வகை உங்களுக்குப் பிடிக்குமா என்பதே தெரியாதபோது வாங்க வேண்டாம். பினீத் எ ஸ்டீல் ஸ்கை (1994) என்ற கேமை அதை உருவாக்கியவர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள். ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயின் (1995) அடுத்த ஆண்டு இலவசமானது. இரண்டையும் ஸ்கம்விஎம் தளத்திலேயே முறைப்படி இறக்கிக்கொள்ளலாம். ஸ்கம்விஎம் என்பது பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் மென்பொருள், அதுவும் இலவசம்.

பிடித்துப்போனால் மங்கி ஐலண்டை வாங்குங்கள். ஸ்டீம், காக் போன்ற டிஜிட்டல் கடைகளில் பழைய கேம்கள் ஆண்டுக்குச் சில முறையாவது பெரிய தள்ளுபடிக்கு வரும். விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். பழைய குறுந்தகட்டைத் தேடி யாரிடமும் வாங்க வேண்டாம். நான் வாங்கினேன். டப்பா அழகாக இருந்தது, தட்டு ஓடவில்லை.

புதுப்பித்த பதிப்பா, பழையதா? மங்கி ஐலண்டின் 2009 சிறப்புப் பதிப்பில் ஒரே விசையில் புதிய படத்துக்கும் பழைய படத்துக்கும் மாறிக்கொள்ளலாம், உள்ளேயே ஹின்ட் கேட்கும் வசதியும் உண்டு. புதியவர்களுக்கு அதுவே சரி. டே ஆஃப் த டென்டக்கிளுக்கு 2016இல் வந்த பதிப்பிலும் இப்படி மாறலாம். அந்தக் கேமுக்குள் ஓர் அறையில் இருக்கும் கணினியைத் தொட்டால், அதற்கு முந்தைய மேனியாக் மேன்ஷன் (1987) முழுதாக ஓடும். ஒரு விலைக்கு இரண்டு கேம். ஆனால் அந்த 1987 கேம் கொல்லும்.

3. ஸ்கம்விஎம்மில் ஏற்றுவது

பலர் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஸ்கம்விஎம்மைத் திறந்தால் பட்டியல் காலியாக இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். கேமின் கோப்புகளை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இறக்கிய கேமின் சுருக்கக் கோப்பை முதலில் ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போடுங்கள். பிரிக்காமல் கொடுத்தால் அடையாளம் தெரியாமல் போகலாம். அப்புறம் ஸ்கம்விஎம்மில் கேமைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள்ளே இருப்பது எந்தக் கேம் என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். ஐந்து நிமிட வேலை.

ஆட ஆரம்பிக்கும் முன் மூன்று அமைப்புகளைப் பாருங்கள்.

முதலாவது, பேச்சும் எழுத்தும். குரல் மட்டும், எழுத்து மட்டும், இரண்டும் என்று மூன்று தேர்வு இருக்கும். இரண்டையும் வையுங்கள். ஆங்கிலப் பேச்சில் ஒரு சொல் காதில் விழாமல் போனால் ஒரு புதிரே போய்விடும்.

இரண்டாவது, திரை விகிதம். இந்தக் கேம்களில் பல 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. அந்தக் காலத் திரையில் அது செங்குத்தாகக் கொஞ்சம் நீண்டு தெரியும். விகிதத்தைச் சரிசெய்யும் தேர்வைப் போடாவிட்டால் எல்லாரும் குள்ளமாகத் தெரிவார்கள்.

மூன்றாவது, தானாகச் சேவ் ஆவது. வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆகும். அதை நம்பி நீங்கள் சேவ் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

ஆடும்போது: எஸ்கேப் அழுத்தினால் நீளமான காட்சியைத் தாண்டலாம். லூக்காஸ்ஆர்ட்ஸ் கேம்களில் முற்றுப்புள்ளி விசை ஒரே ஒரு வசனத்தை மட்டும் தாண்டும். கன்ட்ரோலும் எஃப்5ம் சேர்த்து அழுத்தினால் ஸ்கம்விஎம்மின் மெனு வரும், சேவ் அங்கே. மொபைலிலும் ஓடும்தான், ஆனால் சின்னத் திரையில் ஒரு சாவியை விரலால் தேடுவது பெரும்பாடு. முதல் கேமை மவுஸ் உள்ள கணினியில் ஆடுங்கள்.

4. கேமோடு வந்த காகிதங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கால கேம்கள் டப்பாவில் காகிதங்களோடு வந்தன. சிலது திருட்டு நகலைத் தடுக்க. மங்கி ஐலண்டோடு வந்த சுழல் அட்டையில் கடற்கொள்ளையரின் முகத்தைப் பொருத்தினால் ஓர் ஆண்டு கிடைக்கும், அதைத் தட்டச்சு செய்தால்தான் கேம் தொடங்கும். இப்போது கடைகளில் விற்கும் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

வேறு சில காகிதங்களோ கேமின் பாகமே. இண்டியானா ஜோன்ஸின் லாஸ்ட் கிரூசேட் கேமில் (1989) கடைசியில் பல கோப்பைகளிலிருந்து சரியான ஒன்றை எடுக்க வேண்டும். அதற்கான துப்பு டப்பாவில் இருந்த நாட்குறிப்பில்தான் இருக்கிறது. டிஜிட்டல் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் கையேடுகள் பிடிஎஃப்பாக, கூடுதல் கோப்புகள் என்ற பெயரில் ஒரு மூலையில் இருக்கும். கேமை நிறுவும்போதே அவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் மாட்டிக்கொண்டு, திரையில் இல்லவே இல்லாத விடையைத் திரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

5. ஒரு நோட்டும் முதல் அரை மணி நேரமும்

காகித நோட்டு. மொபைலில் குறித்தாலும் சரிதான், ஆனால் வரைபடம் போடக் காகிதம்தான் வசதி.

லூமில் நீங்கள் கேட்கும் சுர வரிசைகளில் பல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும். இணையத்தில் பார்த்து எழுதிக்கொள்வது உதவாது, கேட்டவுடன் எழுத வேண்டும். எழுதியதைத் திருப்பி வாசித்தால் எதிர்ச் செயல் நடக்கும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மங்கி ஐலண்டில் வாள்சண்டையே வாய்ச்சண்டைதான். எதிரி ஒரு வசையை வீசுவான், அதற்குப் பொருத்தமான பதிலடி தெரிந்தால் நீங்கள் ஜெயிக்கலாம். வசை ஒரு பக்கம், பதில் எதிர்ப்பக்கம் என்று எழுதி வைத்தேன். பின்னால் வாள் வித்தைக்காரியிடம் போகும்போது அவள் வேறு வசைகளை வீசுகிறாள், ஆனால் பதில்கள் அதே பழையவை. அப்போது அந்தப் பக்கம்தான் காப்பாற்றியது.

மிஸ்டில் ஒலியும் துப்பு. சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடினால் சில இடங்களில் தப்பவே முடியாது.

சரி, கேம் தொடங்கிவிட்டது. முதல் அரை மணி நேரம் எதையும் தீர்க்க முயல வேண்டாம். போக முடிந்த எல்லா இடத்துக்கும் போங்கள். கர்சரைத் திரை முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். பெயர் தோன்றும் ஒவ்வொன்றையும் முதலில் பாருங்கள், அப்புறம் எடுங்கள். எடுக்க முடிந்ததையெல்லாம் எடுங்கள், மானம் பார்க்க வேண்டாம். பையில் போட்ட பிறகு அங்கேயும் ஒருமுறை பார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆட்களிடம் பேசும்போது எல்லாத் தேர்வுகளையும் கேட்டு முடித்துவிடுங்கள். கிண்டலான பதிலைத் தேர்ந்தெடுத்தால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் இந்தக் கேம்களில் பெரும்பாலும் தேவையில்லை. நல்ல நகைச்சுவை அந்தப் பதில்களில்தான் ஒளிந்திருக்கும்.

அப்புறம் ஒரே இடத்தில் சும்மா நின்று பாருங்கள். மங்கி ஐலண்டின் தொடக்கத்தில் ஒரு மதுக்கடை. உள்ளே சமையலறைக் கதவு. நுழையப் போனால் சமையல்காரர் விரட்டுகிறார். நான் அவரிடம் எதைக் கொடுப்பது, எதைச் சொல்வது என்று இருபது நிமிடம் யோசித்தேன். பையில் எதுவுமே இல்லை! கடைசியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால், அவர் தானாகவே வெளியே வந்து மேசைகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கதவு திறந்து மூடியது. அவ்வளவுதான், அந்த நேரத்தில் உள்ளே போக வேண்டியதுதான்.

6. சேவ் போடும் முறை

ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் போடாதீர்கள். இதுதான் என்னைக் கவிழ்த்தது. தானாக ஆகும் சேவிலும் இதே குறைதான்: பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். நீங்கள் தவறு செய்து 5 நிமிடம் ஆனதும் அந்தத் தவறும் சேர்ந்து பதிவாகிவிடும்.

புது இடத்துக்குப் போகும் முன், குறிப்பாகப் படகு, ரயில், இடிந்து விழும் பாலம் என்று திரும்பி வர முடியாதது போலத் தோன்றும் எதற்கும் முன், புதிய பெயரில் ஒரு சேவ். ‘1’, ‘2’ என்று பெயர் வைத்தால் பத்து நாள் கழித்து உங்களுக்கே புரியாது. ‘படகுக்கு முன், கயிறு இல்லை’ என்று வையுங்கள். பழையதை அழிக்க வேண்டாம், இடமே பிடிக்காது.

கொல்லும் வகைக் கேம்களில் சாவு பெரிய பிரச்சினை இல்லை, உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாத முட்டுச்சந்துதான் ஆபத்து. கிங்ஸ் குவெஸ்ட் 5இல் (1990) ஒரு பை, அதாவது கஸ்டர்ட் வைத்த பலகாரம், வாங்கலாம். பிறகு பனிமலையில் நாயகனுக்குப் பசி எடுக்கும். கையில் பலகாரம் இருக்கிறதே என்று தின்றுவிட்டால் பசி அடங்கும், கேமும் ஒன்றும் சொல்லாது. சற்று தூரம் போனதும் பனிமனிதன் வருவான். அவன் முகத்தில் வீச வேண்டியது அந்தப் பலகாரம்தான். பசிக்குத் தின்ன வேண்டியது ஆட்டிறைச்சி. எந்த நியாயமும் கிடையாது. இப்படிப்பட்ட கேமை ஆடப் போகிறீர்கள் என்றால், முட்டுச்சந்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நான் அதை ஏமாற்று வேலையாகவே நினைப்பதில்லை.

7. மாட்டிக்கொண்டால்

மாட்டிக்கொள்வீர்கள். ஆட்ட நேரத்தில் பாதி அதுதான். உடனே விடையைத் தேடாமல், எந்த வகையில் மாட்டியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கண்ணில் படாத பொருள். பழைய படங்களில் ஒரு சாவி நான்கு புள்ளி அகலம்தான் இருக்கும். புதிய பதிப்புகள் சிலவற்றில் தொடக்கூடிய இடங்களையெல்லாம் ஒளிரவைக்கும் விசை உண்டு, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். அது இல்லாதபோது, திரையின் விளிம்புகளைப் பாருங்கள். நான் கோட்டைவிட்டவற்றில் பாதி, பொருள்களே இல்லை. இடப்பக்க ஓரத்தில் இருந்த ஒரு வழி.

புரியாத காரணம். பொருளும் இருக்கிறது, இடமும் தெரிகிறது, எதை எதோடு என்பதுதான் தெரியவில்லை. அப்போது பையில் உள்ள எல்லாவற்றையும் எல்லாவற்றின் மேலும் தேய்க்கத் தோன்றும். வேண்டாம். பாத்திரம் என்ன சொல்லி மறுக்கிறது என்பதைப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் சொல்லும் ஒரே பதிலைச் சொன்னால் அது தவறான திசை. அந்தப் பொருளுக்கென்றே தனியாக ஒரு பதில் வந்தால், நீங்கள் விடைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

நேரக் கணக்கு. அரிதுதான், ஆனால் வந்தால் பைத்தியம் பிடிக்கும். ப்ரோக்கன் ஸ்வோர்டில் (1996) அயர்லாந்தில் ஓர் ஆடு இருக்கிறது. அருகே போனால் முட்டித் தள்ளும். விழுந்து எழும் அந்த ஓரிரு நொடிக்குள் பக்கத்தில் இருக்கும் பழைய உழவுக் கருவியைக் கிளிக் செய்ய வேண்டும். அதுவரை கேம் எங்கும் உங்களை அவசரப்படுத்தியதே இல்லை என்பதால் யாருக்கும் தோன்றுவதில்லை.

மொழி. இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சில புதிர்கள் ஆங்கிலச் சொல்விளையாட்டின் மேலேயே நிற்கின்றன. அறிவு எவ்வளவு இருந்தாலும் அந்தச் சொல் தெரியாவிட்டால் பயனில்லை. (இரண்டு விடைகளை இங்கே உடைக்கிறேன். வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மங்கி ஐலண்டில் ஒரு பாலத்தை மறித்து நிற்கும் பூதம், கவனத்தை ஈர்க்கும் ஆனால் உண்மையில் முக்கியமில்லாத ஒரு பொருளைக் கேட்கும். விடை, கடற்பறவையை விரட்டிவிட்டு எடுத்த ஒரு சிவப்பு மீன். ஆங்கிலத்தில் ரெட் ஹெரிங், அதாவது சிவப்பு மத்தி வகை மீன் என்றால் திசைதிருப்பும் பொய்த் துப்பு. பையில் அதன் பெயர் வெறும் ‘மீன்’ என்றுதான் இருக்கும். இரண்டாம் பாகத்தில் (1991) ஒரு நீர்க்குழாயை மூட ஸ்பேனர் வேண்டும். விடை, மயக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு குரங்கு. அமெரிக்கர்கள் ஒருவகை ஸ்பேனரை மங்கி ரெஞ்ச் என்பார்கள். ஸ்பேனர் என்றே சொல்லிப் பழகிய நமக்கு இது எந்த ஜென்மத்தில் தோன்றும்?

டே ஆஃப் த டென்டக்கிளில் இதே சிக்கல் அமெரிக்க வரலாற்றோடு வரும். வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிய கதையும், ஃபிராங்க்ளின் இடிமழையில் பட்டம் விட்டதும் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆக, ஒரு புதிர் ஒரு மணி நேரம் நகரவில்லை, அதில் விசித்திரமான ஆங்கிலச் சொல்லோ வரலாற்றுப் பெயரோ இருக்கிறது என்றால் அகராதியைப் பாருங்கள். அதற்கும் வாக்த்ரூவுக்கும் நிறைய தூரம் இருக்கிறது.

8. ஹின்ட் பார்ப்பது

எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு: 30 நிமிடம் எதுவும் நகரவில்லை என்றால் கணினியை மூடிவிடுவேன். மறுநாள் திறந்து 15 நிமிடத்தில் தெரியவில்லை என்றால் ஹின்ட். பல புதிர்கள் அந்த இடைவெளியில் பல் தேய்க்கும்போது தீர்ந்திருக்கின்றன.

ஹின்டைத் தேடும்போது முழு வாக்த்ரூவைத் திறக்காதீர்கள். ஒரு வரி பார்க்கப் போய் அடுத்த மூன்று புதிரின் விடையும் கண்ணில் பட்டுவிடும். கேமுக்குள்ளேயே ஹின்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம் என்று தேடுங்கள். கேள்விகளாகப் பட்டியல் இருக்கும், உங்கள் கேள்வியைத் திறந்தால் முதலில் லேசான குறிப்பு, அழுத்த அழுத்த இன்னும் தெளிவான குறிப்பு என்று போகும். முதல் குறிப்போடு நிறுத்திவிட்டுத் திரும்ப முடிந்தால் நீங்கள் என்னைவிடத் தேறியவர்.

9. எவ்வளவு நாள் ஒதுக்குவது

மங்கி ஐலண்டுக்கு எனக்கு, தினம் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் ஆனது. விடை தெரிந்தவர் ஒரே நாளில் முடிப்பார், அந்தக் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். முக்கியமானது, இரண்டு அமர்வுக்கு நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் இருப்பது. விட்டால் பையில் எதற்கு ஒரு ரப்பர் கோழி இருக்கிறது என்பதே மறந்துவிடும்.

எழுந்து போகும் முன் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எங்கே நிற்கிறேன், எது அடைத்திருக்கிறது, எந்தப் பொருளுக்கு இன்னும் வேலை வரவில்லை. என் நோட்டின் நான்காம் பக்கத்தில் பென்சிலில் எழுதியது இன்னும் இருக்கிறது: ‘பாலம். பூதம் எதையும் வாங்க மாட்டேன் என்கிறது. மீன் யாருக்கு? சமையல்காரருக்கா?’